கசக்கினால் பெயர் தெரியுமா?

ஊட்டி டூர் போயிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். குன்னூர் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது யாராவது ஒருத்தர் ஜன்னலைத் தள்ளிவிட்டு, "ஆஹா... தைல வாசனைடா!" என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பார். பின் சீட்டு கோஷ்டி பாட்டை நிறுத்திவிட்டு அதுவும் இழுக்கும். இறங்கி வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் நீலகிரித் தைலம். வீட்டில் யாருக்காவது மூக்கடைப்பு என்றால் கொதிக்கிற தண்ணீரில் நாலு சொட்டு, தலைக்கு மேல் போர்வை. அவ்வளவுதான், ஆள் பிழைத்தார்.

அந்த பாட்டிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட விஞ்ஞானச் சண்டை இருக்கிறது. சண்டைக்கான கேள்வி ரொம்ப சிம்பிள். ஒரு இலையின் எண்ணெயை வைத்து அது எந்த மரம் என்று சொல்லிவிட முடியுமா?

'இது என்ன பிரமாதம், கண்ணை மூடிக்கொண்டு கறிவேப்பிலையையும் துளசியையும் நான் சொல்லிவிடுவேனே' என்கிறீர்களா? சரி. வீட்டுத் தொட்டியில் கற்பூரவல்லி இருந்தால் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்குங்கள். அப்படியே சமையலறைக்குப் போய் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஓமத்தை இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வாசனை! அதனால்தான் கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்றே ஒரு பெயர் வைத்தார்கள் நம் பாட்டிகள். ஆனால் தாவரவியல் கணக்கில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓமவல்லி துளசி, புதினா குடும்பம். ஓமம் சீரகம், கொத்தமல்லி குடும்பம். தைமால், கார்வக்ரால் என்ற இரட்டைப் பிறவி மாதிரியான இரண்டு பொருள்கள் இந்த இரண்டு செடிகளிலும் வேலை செய்கின்றன. அணுக்களின் எண்ணிக்கை அச்சாக ஒன்று. உட்கார்ந்திருக்கும் இடம்தான் கொஞ்சம் வேறு.

ஆக, மூக்கு முதல் ரவுண்டிலேயே அவுட். சரி, கண்?

*

கண்ணும் ஒன்றும் ஒழுங்கில்லை. நீலகிரித் தைல மரத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் பெயரே கோல்மால். பெயரில் நீலகிரி, சொந்த ஊர் டாஸ்மேனியாவும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும். யூகலிப்டஸ் குளோபுலஸ் என்பது முழுப் பெயர். 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்தது. விறகுக்காக நட்டார்கள். பிறகு அது மலையையே வளைத்துப் போட்டுக்கொண்டது தனிக் கதை.

இரண்டாவது கோல்மால் இலையில். இந்த மரத்தின் இளங்கன்றைப் பார்த்திருக்கிறீர்களா? இலைகள் அகலமாக, சாம்பல் பூசிய நீலத்தில், காம்பே இல்லாமல் ஜோடி ஜோடியாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். அதே கன்று வளர்ந்து மரமானதும் இலை பச்சையாகி, அரிவாள் மாதிரி நீண்டு, காம்பு முளைத்து, ஒன்று விட்டு ஒன்றாகத் தொங்கும். எல்.கே.ஜி. போட்டோவையும் காலேஜ் ஐ.டி. கார்டையும் பக்கத்தில் வைத்த மாதிரி! விஷயம் தெரியாதவர் இரண்டையும் வேறு வேறு மரம் என்று சத்தியம் செய்வார்.

இதில் யூகலிப்டஸ் என்பது ஒரு மரம் இல்லை. எழுநூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட பேரினம். பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவில். பாதிக்கு மேல் பார்ப்பதற்கு அதே அரிவாள் இலை. பூவை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அது உச்சாணிக் கொம்பில் இருக்கும். பட்டையை வைத்துப் பிரிக்கலாம் என்றால், காய்ந்த கிளையை ஒட்டி வைக்கும் ஹெர்பேரியம் தாளில் மரப்பட்டை எங்கே வரும்?

19-ம் நூற்றாண்டின் பெரிய தாவரவியல் அறிஞர் ஜார்ஜ் பெந்தம் ஆஸ்திரேலியத் தாவரங்கள் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினார். ஆச்சரியம் என்னவென்றால், அந்த மனிதர் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே கிடையாது. லண்டன் அருகே கியூ தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, மெல்போர்னிலிருந்து ஃபெர்டினாண்ட் வான் முல்லர் அனுப்பிவைத்த காய்ந்த மாதிரிகளைப் பார்த்தே எழுதினார். யூகலிப்டஸ்களைப் பிரிக்க அவர் பிடித்துக்கொண்ட அடையாளம், பூவின் மகரந்தப்பை. குண்டூசித் தலையைவிடச் சின்னது! அவரைக் குறை சொல்ல முடியாது. காய்ந்த தாளில் கிடைத்தது அதுதான்.

*

இந்த இடத்தில் இரண்டு பேர் மேடைக்கு வருகிறார்கள். சிட்னி டெக்னலாஜிகல் மியூசியத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் தாமஸ் பேக்கர், ஹென்றி ஜார்ஜ் ஸ்மித். பேக்கர் தாவரவியல். ஸ்மித் கெமிஸ்ட்ரி. ஒரே கட்டடத்தில் பாட்டனியும் கெமிஸ்ட்ரியும் சண்டை போடாமல் இருந்ததே ஒரு சாதனை. இவர்கள் கூட்டணியே வைத்தார்கள்.

அவர்களுடைய எண்ணம் இது. காய்ந்த பூவோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? இலையை வடித்து எண்ணெய் எடுப்போம். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். பூ, காய், பட்டை, மரம் இவற்றோடு எண்ணெயும் ஒரு அடையாளமாக இருக்கட்டும்.

இது சும்மா அறிவு விளையாட்டு இல்லை, காசு விஷயம். யூகலிப்டஸ் எண்ணெய் அப்போதே ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்த சரக்கு. மருந்துக்காரர்களுக்கு வேண்டியது சினியோல். நம் நீலகிரித் தைலத்தின் 'சுர்ர்' என்கிற குளிர்ச்சி அதுதான். இன்றைக்கும் மருந்துத் தர விதிகள் இந்த எண்ணெயில் சினியோல் 70 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது என்கின்றன. இப்போது காட்டுக்குள் இலை வெட்டி, அடுப்பு மூட்டி, தைலம் காய்ச்சும் ஒருத்தரை நினைத்துப் பாருங்கள். தப்பான மரத்தை வெட்டினால் நாள் முழுக்க வெந்த உழைப்பு, விறகு, கூலி எல்லாம் போச்சு. வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு பாட்டிலைத் திருப்பித் தந்துவிடுவார். சரியான மரம் எது என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது.

பேக்கரும் ஸ்மித்தும் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களின் எண்ணெயை ஆராய்ந்து, 1902-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள். அந்தக் காலத்தில் இப்போது மாதிரி மெஷின் கிடையாது. அடர்த்தி பார்ப்பார்கள். எண்ணெய் வழியாக ஒளியை விட்டு எந்தப் பக்கம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்று பார்ப்பார்கள். ஆல்கஹாலில் கரைகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சூடாக்கி, எந்த வெப்பத்தில் எந்தப் பகுதி ஆவியாகிறது என்று தனித்தனியே பிடிப்பார்கள். ஒரு தடவை காய்ச்சவே மூட்டை மூட்டையாக இலை வேண்டும்.

அதில் அவர்கள் கண்டுபிடித்த ஒரு விஷயம் உண்மையிலேயே அழகு. இலையின் நரம்புக்கும் எண்ணெய்க்கும் தொடர்பு இருக்கிறது என்றார்கள். பக்க நரம்புகள் நடு நரம்பிலிருந்து பறவை இறகு மாதிரி நெருக்கமாக, ஏறக்குறைய குறுக்காகப் போனால் அந்த எண்ணெயில் பைனீன் அதிகம் (டர்பன்டைன் வாசனை). நரம்புகள் கொஞ்சம் சாய்ந்து, இடைவெளி விட்டுப் போனால் சினியோல் சேர்ந்துகொள்ளும். நரம்புகள் நன்றாகச் சாய்ந்து, இலை நீளத்துக்கே ஓடினால் ஃபெலாண்ட்ரீன், பைப்பரிட்டோன். பெப்பர்மின்ட் வாசனை அடிக்கும் மரங்கள் அந்தக் கடைசி வகை.

யோசித்துப் பாருங்கள். இலையை வெயிலுக்கு நேரே பிடித்து நரம்பைப் பார்த்து, உள்ளே இருக்கும் கெமிஸ்ட்ரியை ஊகிக்கலாம்! கைரேகை ஜோசியம் மாதிரி. ஆனால் இதில் பலன் சொன்ன பிறகு லேபில் சரி பார்த்துக்கொள்ளலாம்.

*

வெற்றி தலைக்கு ஏறுவது மனித சுபாவம். ஒரு சிற்றினத்தின் எண்ணெய் எங்கே வளர்ந்தாலும் மாறாது என்பதில் இருவருக்கும் அபார நம்பிக்கை. எண்ணெய் கணிசமாக வேறுபட்டால் அது வேறு சிற்றினமாகத்தான் இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரு மரத்துக்கு அதன் எண்ணெயில் இருந்த ஃபெலாண்ட்ரீனை வைத்து 'யூகலிப்டஸ் ஃபெலாண்ட்ரா' என்றே பெயர் சூட்டினார்கள். 'யூகலிப்டஸ் ஆஸ்திரேலியானா' என்று இன்னொன்று.

இன்றைக்கு இந்த இரண்டு பெயர்களையும் தேடினால் என்ன கிடைக்கும் தெரியுமா? இரண்டும் ஒரே மரம். யூகலிப்டஸ் ரேடியேட்டா என்ற பெயருக்குள் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். மரம் அப்படியேதான் நிற்கிறது. பெயர்தான் போய்விட்டது.

நம்பிக்கையை முதலில் ஆட்டி வைத்தது வெளியூர் எதிரி இல்லை. அதே மியூசியத்தில் ஸ்மித்துக்கு அடுத்து அந்த வேலைக்கு வந்த ஆர்தர் பென்ஃபோல்டும், உடன் வேலை பார்த்த எஃப்.ஆர். மாரிசனும்தான். அவர்கள் எடுத்துக்கொண்டது யூகலிப்டஸ் டைவ்ஸ் என்ற அகன்ற இலை பெப்பர்மின்ட் மரம். இதன் எண்ணெயில் 40 முதல் 50 சதவிகிதம் பைப்பரிட்டோன். அதிலிருந்து தைமாலும் மெந்தாலும் செய்யலாம் என்பதால் அதற்குத் தனி மார்க்கெட். ஆனால் அச்சு அசலாக அதே உருவத்தில் நிற்கும் சில மரங்களில் பைப்பரிட்டோன் பெயருக்குத்தான் இருந்தது. சினியோல் மட்டும் 60 சதவிகிதத்துக்கு மேல்! இலை அதே, பூ அதே, காய் அதே, பட்டை அதே. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் கிடையாது. எண்ணெயில் மட்டும் ஒன்று மெந்தால் கம்பெனிக்கு, இன்னொன்று மருந்துக் கடைக்கு.

1927-ல் இருவரும் இதை வெளியிட்டார்கள். இவை தனிச் சிற்றினங்கள் இல்லை, ஒரே சிற்றினத்துக்குள் இருக்கும் வேறு வேறு வேதி வடிவங்கள் என்றார்கள். இன்றைய பாஷையில் கீமோடைப். ஸ்மித் அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1924-லேயே காலமாகிவிட்டார். தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரே தன் கணக்கைத் திருத்தியதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பாரா, கைகொடுத்திருப்பாரா? தெரியாது. ஆனால் பென்ஃபோல்டு கையில் எடுத்தது ஸ்மித் காட்டிக் கொடுத்த அதே ஆயுதத்தைத்தான். எண்ணெயை வடித்துப் பார்க்கச் சொல்லித் தந்தவரை, எண்ணெயை வடித்தே திருத்தினார். சீனியருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன செய்ய முடியும்?

*

எப்படி ஒரே மாதிரி மரத்தில் இரண்டு எண்ணெய்? இதற்கு நம் வீட்டு கிரைண்டர் பக்கம் போகலாம். மாவு ஒன்றுதான். தட்டில் ஊற்றி ஆவியில் வைத்தால் இட்லி. கல்லில் தேய்த்தால் தோசை. குழிச் சட்டியில் விட்டால் பணியாரம். இலைக்குள்ளும் கிட்டத்தட்ட இதே கதைதான். சினியோல், பைனீன், ஃபெலாண்ட்ரீன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மூலப்பொருள் மாவு. எந்த என்சைம் அதைக் கையில் எடுக்கிறதோ, அதைப் பொறுத்துப் பலகாரம் மாறுகிறது. என்சைமைச் செய்யச் சொல்வது ஜீன். ஒன்றிரண்டு ஜீனில் சின்ன மாற்றம் வந்தாலே இட்லி வீடு தோசை வீடாகிவிடும். அதற்காக இரண்டு வீட்டுக்காரர்களும் வேறு வேறு வம்சம் என்று சொல்லிவிடலாமா?

இதன் உச்சகட்ட உதாரணம் 1990-ல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மெலியோடோரா என்ற மரம் ஒன்று. அங்கே கிறிஸ்துமஸ் வண்டுகள் என்று ஒரு கூட்டம் உண்டு. வந்தால் மரத்தையே மொட்டையடித்துவிடும். இந்த மரத்தையும் அடித்தது, ஒரே ஒரு கிளையைத் தவிர! மரம் முழுக்கக் குச்சி. அந்தக் கிளையில் மட்டும் பச்சைப் பசேல். எண்ணெயை எடுத்துப் பார்த்தால் அந்தக் கிளையின் இலையில் சினியோல் எகிறிக் கிடக்கிறது. மற்ற கிளைகளில் அவ்வளவு இல்லை. வளரும்போது எங்கோ ஒரு மொட்டில் நடந்த மாற்றம், அந்தக் கிளை முழுக்கப் பரவிவிட்டது.

ஒரே வேர், ஒரே தண்டு, இரண்டு எண்ணெய். எண்ணெயை மட்டும் நம்பி வகைப்படுத்தினால் வலது கிளைக்கு ஒரு பெயர், இடது கிளைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியதுதான்!

*

'அப்போ எண்ணெய் வேஸ்ட்டா? இவ்வளவு நேரம் படிக்க வைத்துவிட்டு...' என்று பேப்பரை மடக்காதீர்கள். அடுத்த சீனில் எண்ணெய்தான் ஹீரோ. சீன் நடப்பது அமெரிக்காவில். அதற்கு முன் ஒரு மெஷின் அறிமுகம்.

1952-ல் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் கேஸ் குரோமட்டோகிராஃபி முறையை வெளியிட்டார்கள். எப்படி வேலை செய்கிறது என்று தெரிய தீபாவளி சமயத்தில் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போங்கள். ஸ்டேஷன் பக்கம் ஒரே நேரத்தில் நூறு பேர் உள்ளே நுழைகிறார்கள். சும்மா குறுக்கே போகிறவர் விறுவிறுவென்று உஸ்மான் ரோட்டில் முதலில் வெளியே வருவார். பாத்திரக் கடையில் நிற்பவர் அடுத்து. கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் கடைசியில். மெஷினுக்குள் இருப்பதும் அப்படி ஒரு நீண்ட, மெல்லிய தெரு. எண்ணெயை ஆவியாக்கி ஒரு முனையில் விட்டால், உள்சுவரில் ஒட்டிக்கொள்ளப் பிரியப்படும் பொருள் தாமதமாகவும், ஒட்டாத பொருள் சீக்கிரமாகவும் வெளியே வரும். ஒவ்வொன்றும் வரும்போது பேப்பரில் ஒரு கோபுரம். எத்தனை கோபுரமோ, கிட்டத்தட்ட அத்தனை பொருள். கோபுரம் பெரிதென்றால் சரக்கு அதிகம். வாசலில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இன்னொரு ஆளை நிறுத்தினால், வருகிறவரை உடைத்து, துண்டுகளைப் பார்த்து, 'இவர் சினியோல், இவர் பைனீன்' என்று அடையாளம் சொல்வார்.

முக்கியமான லாபம் என்ன தெரியுமா? மூட்டை இலை தேவையில்லை. ஒரு கைப்பிடி போதும். அதாவது ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகக் கேட்கலாம். பல மரத்து இலையை ஒன்றாகக் கொட்டிக் காய்ச்சினால் கிடைப்பது கூட்டத்தின் சராசரிக் குரல். இப்போது ஆளாளுக்கு மைக் கிடைத்துவிட்டது.

இப்போது அமெரிக்கா. டெக்ஸாஸ் பக்கம் இரண்டு ஜூனிபர் மரங்கள் உண்டு. ஒன்று ஜூனிபரஸ் வர்ஜினியானா. ஒரு காலத்தில் பென்சில் செய்யப் பயன்பட்ட மரம் இதுதான். நம் தாத்தாக்கள் நுனியைக் கடித்துத் தின்ற பென்சிலிலும் இது இருந்திருக்கலாம். இன்னொன்று ஜூனிபரஸ் ஆஷி. இலை இரண்டுக்கும் பொடிப் பொடிச் செதில். 1952-ல் மேரியன் ஹால் என்ற ஆய்வாளர் இலை, காய், மரத்தின் உருவம் எல்லாவற்றையும் அளந்து, இந்த இரண்டும் பரவலாகக் கலந்து, ஒன்றின் ஜீன் இன்னொன்றுக்குள் ஊடுருவிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். இரண்டு சிற்றினங்களின் கலப்புக்கு அழகான உதாரணமாக அது புகழ் பெற்றது.

1960-களில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டர்னரும் ஃப்ளேக்கும், கனடாவின் வேதியியல் அறிஞர் வான் ருட்லாஃபும் சேர்ந்து இதை எண்ணெய் மூலம் சோதித்தார்கள். ஆஷி எண்ணெயில் கற்பூரம் தூக்கலாக இருக்கும். உண்மையாகவே கலப்பு நடந்திருந்தால் ஆஷி வளரும் பகுதியை நெருங்க நெருங்க, வர்ஜினியானா எண்ணெயில் ஆஷியின் சரக்கு தலைகாட்ட வேண்டும் அல்லவா? வடகிழக்கு டெக்ஸாஸிலிருந்து வாஷிங்டன் டி.சி. வரை 1,500 மைல் நீளத்துக்கு இடம் இடமாக நின்று, மரம் மரமாக இலை பறித்து, மெஷினில் போட்டு, கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்தார்கள். 1969-ல் முடிவு வந்தது. வர்ஜினியானாவின் எண்ணெய் ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக, படிப்படியாக மாறுகிறது. ஆனால் ஆஷி உள்ளே நுழைந்ததற்கான தடயம் இல்லை.

ஒரே பாஷைதான், மதுரையில் ஒரு மாதிரி, திருநெல்வேலியில் ஒரு மாதிரி, நாகர்கோவிலில் ஒரு மாதிரி பேசுகிறோமே, அந்த மாதிரி மாற்றம். அதைப் பார்த்துத்தான் 'வேறு பாஷை கலந்துவிட்டது' என்று நினைத்திருக்கிறார்கள். கண் சொன்னதை இந்த தடவை எண்ணெய் திருத்தியது.

*

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிட்னியில் எண்ணெய் ஏமாற்றியது, உருவம் உண்மை சொன்னது. டெக்ஸாஸில் உருவம் ஏமாற்றியது, எண்ணெய் உண்மை சொன்னது. அப்படியானால் யாரை நம்புவது?

கோர்ட் சீன் நினைவிருக்கிறதா? சாட்சி கூண்டில் ஏறுவார், கண்டதைச் சொல்வார். தீர்ப்பு சொல்வது அவர் வேலை இல்லை. எண்ணெய் ஒரு சாட்சி. பூ ஒரு சாட்சி. பட்டை ஒரு சாட்சி. இன்றைக்கு டி.என்.ஏ. ரொம்ப நல்ல சாட்சி, ஆனால் அதுவும் சாட்சிதான். பேக்கரும் ஸ்மித்தும் புது சாட்சியைக் கூட்டி வந்தது மகத்தான காரியம். அவரையே ஜட்ஜ் நாற்காலியில் உட்கார வைத்ததுதான் பிசகு.

சாட்சிகள் ஒத்துப்போகாவிட்டால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. எலுமிச்சை வாசனை வீசும் யூகலிப்டஸை முகர்ந்திருப்பீர்கள். சிட்ரோனெல்லால் நிறைந்த எண்ணெய். 1848-ல் ஹூக்கர் அதற்கு யூகலிப்டஸ் சிட்ரியோடோரா என்று வாசனையை வைத்தே பெயரிட்டார். ஆனால் வாசனையை விட்டுவிட்டால் அது மாக்குலேட்டா என்ற இன்னொரு மரத்தின் ஜெராக்ஸ் காப்பி! அதனால் சிலர் இதை அதன் ரகம் என்றார்கள். 1995-ல் ஹில், ஜான்சன் என்ற இரண்டு அறிஞர்கள் இரண்டையும் தனித்தனிச் சிற்றினமாகவே வைத்துக்கொண்டு, யூகலிப்டஸ் வீட்டிலிருந்தே பிரித்து கொரிம்பியா என்ற புது வீட்டில் குடிவைத்தார்கள். 2000-ல் புரூக்கர் என்ற அறிஞர் 'அதெல்லாம் வேண்டாம், பழைய வீட்டிலேயே ஒரு அறை போதும்' என்றார். இதற்கெல்லாம் மரம் ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை.

*

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? பாட்டனி, கெமிஸ்ட்ரி, பயோடெக், பார்மசி படிக்கிறவர்களாக இருந்தால் நேரடியாகவே வேலை இருக்கிறது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றதும் நம்மில் பாதிப் பேர் என்ன செய்கிறோம்? காலேஜ் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு செடி. இலையைப் பறித்து, உலர்த்தி, அரைத்து, சாறு எடுத்து, காசு கட்டி ஜி.சி.எம்.எஸ். ரிப்போர்ட் வாங்கி, முப்பது பெயர் கொண்ட ஒரு டேபிளை ஒட்டி, 'இந்தத் தாவரத்தில் இவை உள்ளன' என்று முடிவுரை எழுதி, பைண்டிங் கடைக்கு ஓடுகிறோம். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

அந்த டேபிளில் தப்பு இல்லை. முடிவுரையில்தான் தப்பு. நீங்கள் கேட்டது ஒரு செடியை. ஒரு நாளில், ஒரு வயசு இலையை. பக்கத்துத் தெருவில் இருக்கும் அதே செடி வேறு கீமோடைப்பாக இருக்கலாம். அதனால் மூன்று சின்ன விஷயம் செய்யுங்கள்.

ஒன்று, ஒரு செடியோடு நிற்காதீர்கள். நாலைந்து இடத்தில், இடத்துக்கு நாலைந்து செடி. இலைகளைக் கலக்காமல் தனித்தனிக் கவரில் போடுங்கள். செலவுக்குப் பயந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், கலப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

இரண்டு, கவர் மேல் எழுதுங்கள். எந்த இடம், என்ன தேதி, இளம் இலையா முற்றிய இலையா, பூத்திருந்ததா. நீலகிரி மரத்தின் எல்.கே.ஜி. போட்டோவை மறந்துவிடாதீர்கள்.

மூன்று, ரொம்ப முக்கியம். அதே செடியிலிருந்து பூவோடு அல்லது காயோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியத்தில் சேர்த்து நம்பர் வாங்குங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து யாராவது உங்கள் ஆய்வைப் படித்து, 'இந்தப் பிள்ளை எந்தச் செடியைப் பார்த்தது?' என்று கேட்டால், அந்தத் தாளைத்தான் திறப்பார்கள். அது இல்லாவிட்டால் உங்கள் எண்ணெய் யாருடைய எண்ணெய் என்றே தெரியாது.

ஆர்ட்ஸ், காமர்ஸ் படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் ஒரு எக்ஸ்பெரிமென்ட், செலவு பூஜ்யம். ஒரு கொய்யா இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்து உற்றுப் பாருங்கள். ஊசியால் குத்தின மாதிரி ஒளி கசியும் பொடிப் புள்ளிகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள்! யூகலிப்டஸ், கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் ஒரே குடும்பம். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் ஒரு கறிவேப்பிலையையும் அதே மாதிரி பிடித்துப் பாருங்கள். அதிலும் புள்ளி! ஆனால் அது எலுமிச்சை குடும்பம். அடையாளம் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு முடிவுக்குக் குதிக்கக் கூடாது என்று உங்கள் கையில் இருக்கும் கறிவேப்பிலையே சொல்கிறது பாருங்கள்.

அடுத்த தடவை ஊட்டி பஸ்ஸில் யாராவது ஜன்னலைத் திறந்து "தைல வாசனைடா!" என்றால், "எந்த மரத்தோடது? எத்தனை மரத்தை முகர்ந்து பார்த்துச் சொல்றே?" என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

பின் சீட்டிலிருந்து ஏதாவது பறந்து வந்தால் நான் பொறுப்பில்லை!